ஈயம் அசையக் கூடாது

ஞாயிற்றுக்கிழமை தேய்ப்பு வேலை இல்லை.
மங்காட்டுப் பாலத்துக்குக் கீழே, கைதைப் புதர் தாண்டி
ஒரு பாறை. ஓர் ஆள் உட்காரலாம்.
இரண்டாம் ஆள் வந்தால் பேச்சு வரும், மீன் வராது.

முடிச்சில் இருக்கிறது எல்லாம்.
நரம்பை இரண்டாய் மடித்து முள்ளின் கண்ணில் நுழைத்து
ஒரு கட்டு. அந்த வளையத்துக்குள் முள்ளையே கடத்தி
எச்சில் தொட்டு இறுக்க வேண்டும்,
உலர்ந்த நரம்பு இறுகும்போதே வெந்துபோகும்.
மிச்ச வாலை வெட்டிவிடாதே.
மேலிருந்து மறுபடி கண்ணுக்குள் விடு,
முள் வானம் பார்த்து நிற்கும்.
வாலின் நுனியில், ஒரு முழம் கீழே, ஈயம்.

தோகாவில், கேம்ப்புக்குப் பின்னால், கடல் கரையில்
பிலிப்பைன்ஸ்காரன் ரிக்கோ இதைக் கட்டிக் காட்டியபோது
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பத்தொன்பது வயதிலிருந்து என் கையில் கிடப்பது.
சுவருக்குத் தூக்கு பார்க்கிற நூலில்
நடுவழியில் ஒரு புழுவைக் கோத்திருக்கிறான்,
அவ்வளவுதான் ஓய்.

கடை ஈயம் விலை கூடுதல்.
டயர்க்கடை அஜிலன், சக்கரத்தில் அடித்துக் கழற்றிய
பழைய துண்டுகளைத் தருவான்.
மாதம் ஒரு மீன் என்று பேச்சு.
ஐந்து மாதம் பாக்கி.

எறிந்தேன்.
நரம்பு ஓடுகிறது, எண்ணுகிறேன்.
மற்ற இடங்களில் மூன்றில் தரை தட்டும்.
இங்கே நாலு, ஐந்து, ஆறு...
ஒன்பதில்தான் தொய்கிறது.

தெரிந்த குழி.
லாரிகள் விளக்கணைத்து வந்துபோன வருஷங்களில் எடுத்தது.
எந்த லோடு எங்கே போனதென்று
ஓரளவு சொல்வேன்:
நடைக்காவில் சேவியர்ராஜ் வீடு, கீழும் மாடியும்.
ஐரேனிபுரத்துக் கல்யாண மண்டபத்தில் பாதி.
என் குளிமுறி.
நான் தூக்குப் பிடித்து நிறுத்திய சுவரெல்லாம்
இங்கே தலைகீழாய், தண்ணீர் நிரம்பி நிற்கின்றன.
ஈயம் இப்போது
யார் வீட்டு மொட்டைமாடியில் கிடக்கிறதோ.

ஈயம் அசையக் கூடாது.
குளமென்றால் கைதான் நடுங்கிக் கொடுக்கணும்.
ஆற்றில் பாதி வேலையை ஆறே பார்த்துக்கொள்ளும்.
கோலை உயர்த்தி, தொய்வை மட்டும்
கொஞ்சம் கொடு, கொஞ்சம் எடு.
தரையில் ஈயம் ஊன்றிக் கிடக்க
ஒரு முழம் மேலே புழு
எங்கோ புறப்பட்டதுபோல் ஆடிக்கொண்டு
அங்கேயே இருக்கும்.
எட்டு வருஷம் நானும் அப்படித்தான்,
மாதம் ஐந்தாம் தேதி பணம் அனுப்பிக்கொண்டு.

கொத்தவில்லை. கனத்தது.
ஈரச் சாக்கைத் தூக்குகிற கனம்.
கோல் வளைந்தது, வளைந்து நின்றது.
செம்பல்லி. தலையை அது உதறுவது
முழங்கைவரை வந்தது.
ஆனால் மேலே வரவில்லை.

ஈயம் எங்கோ இடுக்கில் மாட்டிக்கொண்டது.

ரிக்கோ சொல்லியிருந்தான்:
முள்ளை நன்றாகக் கட்டு, ஈயத்தை மோசமாகக் கட்டு,
மாட்டினால் அது மட்டும் நழுவிப் போகட்டும்.
எப்படி ஓய்?
தூக்குக்குண்டை எந்தக் கொத்தனார் மோசமாகக் கட்டுவான்?
சாரத்துக்குக் கீழே ஆள் நிற்பான்.
என் கைக்கு அது வராது.

மேலே நான், கீழே ஈயம், நடுவில் அது.
மூன்று பேரும் கொஞ்ச நேரம் விடவில்லை.
பிறகு நரம்பு முள்ளுக்கு மேலே அறுந்தது,
சத்தமே இல்லாமல்.

முள்ளை உமிழ்ந்துவிட்டுப் போயிருக்கலாம்.
இல்லையென்றால் இந்நேரம்
ஒரு முழ நரம்பில், அஜிலனின் ஈயத்தைச் சுற்றி
மேலும் கீழுமாய் அந்த வீட்டில்
அதுதான் குடியிருக்கும்.

பாலத்தில் மார்த்தாண்டம் பஸ் போயிற்று.
பையில் இன்னும் இரண்டு துண்டு ஈயம்.
ஒன்றை எடுத்து
நழுவட்டும் என்றே ஒரு முடிச்சுப் போட்டேன்.
கை கேட்கவில்லை, தானாக இறுக்கியது.
அவிழ்த்தேன்.
மறுபடி போட்டேன், அரைகுறையாய்,
பார்க்கவே வெட்கமாய்.

ஆறு மாதம் பாக்கி.